குமரி மாவட்டத்துக்கு வந்தால் என்ன சாப்பிடலாம்? பயணிகளுக்குப் பயனுள்ள குறிப்புகள்

கன்னியாகுமரிக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் விடியற்காலையில் சூரிய உதயம் பார்க்கிறார்கள். படகேறி விவேகானந்தர் பாறைக்குப் போய்வருகிறார்கள். பிறகு எந்த ஊரிலும் கிடைக்கிற பூரி மசாலாவையோ ஃப்ரைடு ரைஸையோ சாப்பிட்டுவிட்டு அன்று மாலையே ரயிலேறிவிடுகிறார்கள். மலையும் வயலும் கடலும் ஒரு மணி நேரப் பயணத்துக்குள் அடங்கிய மாவட்டம் இது. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் இங்கே பெய்கின்றன. 1956 நவம்பர் 1ஆம் தேதி தமிழகத்தோடு இணையும்வரை திருவிதாங்கூர்ப் பகுதியாக இருந்ததால், சமையலில் தெற்குச் சீமையின் கைப்பக்குவமும் மலையாளக் கரையின் கைப்பக்குவமும் சேர்ந்தே இருக்கின்றன. இவ்வளவு வளமான சாப்பாட்டை ருசிக்காமல் ஒருவர் ஊர் திரும்புவது பெரிய இழப்பு. அடுத்த முறை வரும்போது கையில் வைத்துக்கொள்ள இந்தக் குறிப்புகள்.

1. உள்ளூர்ச் சாப்பாட்டைக் கடற்கரையில் தேடாதீர்கள். கன்னியாகுமரி முனையிலிருந்து சுமார் 20 கிலோமீட்டரில் நாகர்கோவில் இருக்கிறது. வடசேரி, கோட்டாறு பக்கத்துச் சின்னச் சாப்பாட்டுக் கடைகளிலும், தக்கலை, மார்த்தாண்டம் போகிற சாலையோர மெஸ்களிலும்தான் வீட்டுச் சமையலுக்குப் பக்கத்தில் வருகிற சாப்பாடு கிடைக்கும். பன்னிரண்டரை மணிக்குள் போய்விடுவது நல்லது. இரண்டு மணிக்கு மேல் நல்ல கறிகள் தீர்ந்து சாம்பாரும் ரசமும்தான் மிஞ்சும். உட்கார்ந்ததும் மெனு கார்டைத் தேடாமல், "அண்ணாச்சி, இன்னைக்கு என்ன தொடுகறி?" என்று பரிமாறுகிறவரிடம் கேளுங்கள். தொட்டுக்கொள்ளும் கறிகளுக்கு இங்கே அதுதான் பேர்.

2. "சம்பாவா, வெள்ளைச் சோறா?" என்று கேட்டால் சம்பா என்று சொல்லிப் பாருங்கள். சிவப்புத் தவிடு முழுக்க நீங்காத, பருமனான புழுங்கலரிசிச் சோறு அது. மீன்கறிக்கும் தீயலுக்கும் அதைவிடப் பொருத்தமான சோறு இல்லை. வயிறு சீக்கிரம் நிறைந்துவிடும் என்பதால் முதலில் கொஞ்சமாக வாங்கிக்கொள்ளுங்கள்.

3. நாகர்கோவில் வட்டாரமான நாஞ்சில் நாட்டுச் சாப்பாட்டில் முதலில் ருசிக்க வேண்டியது அவியல். வெளியூர் ஓட்டல்களில் அவியல் என்ற பேரில் கேரட்டும் பீன்ஸும் பட்டாணியும் தயிரில் மிதந்து வரும். அதை வைத்து இதை எடைபோட்டுவிடாதீர்கள். இங்கே அவியலுக்குச் சேனை, வாழைக்காய், முருங்கைக்காய், புடலங்காய், வெள்ளரிக்காய், கத்தரிக்காய், சக்கைக்கொட்டை என்கிற பலாக்கொட்டை என நாட்டுக் காய்களே சேரும். எல்லாக் காயையும் விரல் நீளத்துக்கு ஒரே கனத்தில் நறுக்குவார்கள். வேகத் தாமதமாகும் சேனையும் வாழைக்காயும் முதலில் போகும், முருங்கையும் கத்தரியும் பிறகு. தண்ணீரைத் தெளித்த மாதிரி சேர்த்து, மூடிவைத்து, காயின் ஈரத்திலேயே வேகவிட வேண்டும். தேங்காய், சீரகம், பச்சைமிளகாய், மஞ்சள், இரண்டு மூன்று சின்ன வெங்காயம், இவற்றை மைபோல அரைக்கக் கூடாது. அம்மியில் ஒன்றிரண்டாகச் சதைத்தால் போதும். புளிப்புக்கு மாங்காய். அது கிடைக்காத காலத்தில் கொஞ்சம் புளியோ தயிரோ, வீட்டுக்கு வீடு மாறும். இறக்கும்போது பச்சைத் தேங்காயெண்ணெயைச் சுற்றி ஊற்றி, கருவேப்பிலையைக் கையால் கசக்கிப் போட்டு உடனே மூடிவிட வேண்டும். அந்த மூடியைத் திறக்கும்போது எழும் மணம்தான் அவியலின் உயிர். தாளிப்பு கிடையாது. ஊருக்குப் போய் நீங்களே செய்து பார்க்க நினைத்தால், இரண்டு விஷயத்தை மட்டும் மாற்றாதீர்கள்: தேங்காயெண்ணெய், காய்களை உடையாமல் கிளறும் பொறுமை.

4. அடுத்தது உள்ளித் தீயல். சின்ன வெங்காயத்தைத்தான் இங்கே உள்ளி என்பார்கள். தேங்காய்த் துருவலோடு மல்லி, மிளகாய் வத்தல், நல்லமிளகு என்கிற மிளகு சேர்த்து இளந்தீயில் கருஞ்சிவப்பு ஆகும்வரை வறுத்து, எண்ணெய் பிரிய அரைத்து, புளிக்கரைசலில் கொதிக்கவைப்பது. வறுப்பதில்தான் தீயலின் சூட்சுமம் இருக்கிறது. அரை நிமிடம் முந்தினால் பச்சை வாடை, அரை நிமிடம் பிந்தினால் கசப்பு. உள்ளிக்குப் பதில் பாகற்காய், கத்தரிக்காய், சேனை, சக்கைக்கொட்டை போட்டும் வைப்பார்கள். தீயல் மறுநாள் இன்னும் ருசியாக இருக்கும். தெரிந்தவர் வீட்டில் தங்கினால் "பழைய தீயல் இருக்கா?" என்று கூச்சமில்லாமல் கேளுங்கள். மகிழ்ந்து சூடாக்கித் தருவார்கள்.

5. பேரைக் கேட்டுக் குழம்ப வேண்டாம். எரிசேரி என்றால் சேனையோ ஏத்தங்காய் என்கிற நேந்திரங்காயோ நல்லமிளகுக் காரத்தில் வெந்து, மேலே வறுத்த தேங்காய் தூவி வருவது. புளிசேரி, தேங்காய் அரைத்துவிட்ட மோர்க்கறி. தடியங்காயும் பெரும்பயறும் தேங்காய்ப்பாலில் வெந்தது ஓலன். தடியங்காய் என்பது உங்கள் ஊர் வெள்ளைப் பூசணிதான். காரம் ஆகாதவர்களுக்கும் குழந்தைகளுக்கும் ஓலனே நல்லது.

6. கல்யாணத்துக்கு யாராவது அழைத்தால் தட்டாதீர்கள். பந்திச் சாப்பாட்டின் முழுமையை எந்த ஓட்டலாலும் தர முடியாது. பருப்பும் நெய்யும் பப்படமும் முதலில் வரும். பிறகு சாம்பார், புளிசேரி, ரசம். இலையின் ஓரத்தில் உப்பேரி, சர்க்கரைவரட்டி, இஞ்சிப்பச்சடி, துவட்டல் என்கிற பொரியல், அவியல், எரிசேரி எல்லாம் வரிசையாக இருக்கும். சோற்றை முதல் குழம்பிலேயே நிறையச் சாப்பிட்டுவிட்டால் பாயசத்துக்கு இடமிருக்காது. பருப்புக்கு ஒரு கை, சாம்பாருக்கு ஒரு கை என்று அளவாக வாங்குங்கள்.

7. பாயசத்துக்கென்று ஒரு முறை உண்டு. அடைப்பிரதமனோ சக்கைப்பிரதமனோ வரும்போது டம்ளர் கேட்காமல் இலையிலேயே வாங்கி, பழத்தைப் பிசைந்து, பப்படத்தை நொறுக்கிப்போட்டுச் சாப்பிடுங்கள். இனிப்பும் உப்பும் சேரும் அந்த ருசி முதல் தடவை விநோதமாகத் தெரியலாம், இரண்டாம் கைக்குப் பிடித்துவிடும். பால்பாயசம் என்றால் கூடவே மஞ்சள் நிறப் போளி வரும். போளியைப் பிய்த்துப் பாயசத்தில் ஊறவைத்துச் சாப்பிட வேண்டும். வீட்டில் பிரதமன் வைப்பவர்களுக்கு ஒன்று: தேங்காயை மூன்று முறை பிழிந்து பாலைத் தனித்தனியே வையுங்கள். மூன்றாம் பாலில் அடையும் வெல்லமும் கொதிக்கட்டும், பிறகு இரண்டாம் பால். கெட்டியான முதல் பாலை அடுப்பை அணைத்த பிறகுதான் ஊற்ற வேண்டும். கொதித்தால் திரிந்துவிடும்.

8. மீன் சாப்பிடுகிறவர்கள் பயணத் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இந்த மாவட்டத்தில் இரண்டு கரையும் சந்திக்கின்றன. சின்னமுட்டம் கிழக்குக் கணக்கில் வரும். முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் மேற்குக் கணக்கு. ஆகவே மே மாதம் வந்தால் குளச்சல் பக்கம் போங்கள், ஜூலையில் வந்தால் சின்னமுட்டத்து மீனைக் கேளுங்கள். ஜூன் முதல் இரண்டு வாரம் இரண்டு கரையிலும் விசைப்படகு ஓடாது. அப்போதும் வள்ளங்களும் கட்டுமரங்களும் கொண்டுவரும் மீன் இருக்கும். அளவு குறைவு, விலை கூடுதல்.

9. பெரிய மீனைத் தேடிப் போகிறவர்கள் சின்ன மீனின் ருசியை இழக்கிறார்கள். நெய்மீனும் வாவலும் எங்கேயும் கிடைக்கும். இந்தக் கரையில் சாளையும் நெத்திலியும்தான் சாப்பிட வேண்டியவை. நெத்திலி அவியல் என்று கேளுங்கள். தேங்காய், பச்சைமிளகாய், உள்ளி, மஞ்சளைச் சதைத்து, மாங்காய்த் துண்டும் கருவேப்பிலையும் சேர்த்து, மண்சட்டியில் குறைந்த தண்ணீரில் நெத்திலியை வேகவிட்டு இறக்குவது. கரண்டி போட்டுக் கிளறக் கூடாது, சட்டியைப் பிடித்துக் குலுக்க வேண்டும். காரமும் புளியும் தூக்கலாக வேண்டுமென்றால் மீன் புளிமுளம் கேளுங்கள். மழை கழிந்த மாதங்களில் சாளையில் கொழுப்பு ஏறியிருக்கும். அப்போது பொரிக்க எண்ணெய்கூட அதிகம் தேவைப்படாது.

10. மீனை நீங்களே வாங்கிச் சமைப்பதானால், மாலையில் சின்னமுட்டம் துறைமுகத்தில் படகுகள் கரைசேரும் நேரத்துக்குப் போகலாம். ஏலம் பெரிய கூடைகளாகப் போகும். பக்கத்தில் சில்லறைக்கு விற்கும் அம்மாக்களிடம் வாங்குவதே பயணிகளுக்கு வசதி. கண் புடைத்துத் தெளிவாக இருக்கிறதா, செவுள் ரத்தச் சிவப்பாக இருக்கிறதா, விரலால் அமுக்கிய குழி உடனே மீள்கிறதா என்று பாருங்கள். விலையை அடித்துப் பேசாதீர்கள். விடியுமுன் கடலுக்குப் போனவர்களின் கூலி அதில் இருக்கிறது.

11. மரச்சீனிக்கிழங்கும் மீன்கறியும் இந்த மாவட்டத்தின், குறிப்பாகக் கல்குளம், விளவங்கோடு பக்கத்தின், அன்றாடச் சாப்பாடு. தென்னமெரிக்காவிலிருந்து போர்த்துகீசியர் வழியாக வந்த இந்தக் கிழங்கை, 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா மக்களிடம் பரப்பினார். இரண்டாம் உலகப்போரில் பர்மா அரிசி வருவது நின்றபோது இங்குள்ள ஏழைகளின் வயிற்றைக் காப்பாற்றியது இதுதான். பாட்டிமார் இன்றும் கிழங்கை மரியாதையோடுதான் பேசுவார்கள். வெறும் கிழங்காக வேகவைத்தும் தருவார்கள். தேங்காய், சீரகம், மிளகாய் சதைத்துப்போட்டு மசித்து மயக்கியும் தருவார்கள். இரண்டுக்கும் சாளைக்கறிதான் சரியான துணை. வீட்டில் செய்பவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. கிழங்கில் இயற்கையாகவே நச்சுத்தன்மை கொஞ்சம் இருக்கிறது. தோலையும் உள்பட்டையையும் முழுக்க உரித்து, துண்டுபோட்டு, நிறையத் தண்ணீரில் மூடாமல் வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிடுங்கள். உப்பைக் கடைசியில் போட்டால் போதும். கசக்கிற கிழங்கைச் சாப்பிடவே வேண்டாம். பச்சையாகக் கடிப்பதும் கூடாது.

12. காலைச் சாப்பாட்டுக்கு இட்லி தோசை எங்கும் உண்டு. இங்கே குழாய்ப்புட்டு கேளுங்கள். கூடவே சிறுபயறும் பப்படமும், அல்லது வேகவைத்த ஏத்தம்பழம். புட்டை உதிர்த்து, பயறைச் சேர்த்து, பப்படத்தை அதன்மேல் நொறுக்கிப் பிசைய வேண்டும். காலையிலேயே வெயிலில் சுற்றப் போகிறவர்களுக்குக் கஞ்சியும் பயறும் காணத் துவையலும் இன்னும் நல்லது. கொள்ளைத்தான் இங்கே காணம் என்பார்கள்.

13. நாலு மணிக்கு டீக்கடை. ஏத்தன் பழ பஜ்ஜி, ரசவடை, சுக்குக்காப்பி. பழ பஜ்ஜியைச் சட்டியிலிருந்து இறக்கியவுடன் வாங்குங்கள், ஆறியது வேண்டாம்.

14. வாழைக்குலைகளைப் பார்க்கவே நாகர்கோவில் வடசேரி கனகமூலம் சந்தைக்கு ஒருமுறை போக வேண்டும். ஏத்தன், செந்துளுவன், ரசகதலி, பாளையங்கோட்டான், பேயன், மட்டி என்று வரிசையாகத் தொங்கும். வாங்க வேண்டியது மட்டி. கன்னியாகுமரி மட்டி வாழைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சிறிய, நுனி நீண்ட, மெல்லிய தோலுள்ள பழம், வாசனை அறை முழுக்க நிற்கும். பச்சைக் குழந்தைக்கு முதன்முதலில் பழம் ஊட்டுகிற வீடுகளில் மட்டியைத்தான் எடுப்பார்கள். மற்ற ஊர்களில் மண்ணும் காலநிலையும் இதற்கு ஒத்துவருவதில்லை, அதனால் இங்கேயே சாப்பிட்டுவிடுங்கள். ஊருக்குக் கொண்டுபோவதானால் முக்கால் பழமாக இருக்கும் சீப்பைக் கேட்டு வாங்கி, பையில் அடைக்காமல் கையில் தூக்கிச் செல்லுங்கள்.

15. மாசி தொடங்கி வெயில் காலம் முழுக்கப் பனைச் சாறு இறங்கும். மற்றவர்கள் பதநீர் என்பதை இங்கே அக்கானி என்பார்கள். பானையில் சுண்ணாம்பு தடவி இறக்குவதால் புளிக்காது. காலையிலேயே, பனையோலைப் பட்டையில் ஊற்றிக் குடியுங்கள். சர்க்கரைநோய் உள்ளவர்கள் இதையும் கருப்புக்கட்டியையும் வெறும் மூலிகை என்று நினைத்து அளவை மீறக் கூடாது. இரண்டிலும் இருப்பது இனிப்புதான்.

16. சித்திரை, வைகாசியில் வந்தால் சக்கைக்காலம். பலாவைத்தான் சக்கை என்பது. பிஞ்சில் துவட்டல், முற்றியதில் அவியல், பழத்தில் பிரதமன், கொட்டையில் தீயல் என்று எதையும் வீணாக்க மாட்டார்கள். சாலையோரத்தில் பலாவின் இனமான அயனிச்சக்கை விற்றால் அதையும் வாங்கிப் பாருங்கள்.

17. சில பலகாரங்களைக் காலண்டர் பார்த்துத்தான் சாப்பிட முடியும். மாசிக் கொடைவிழா நடக்கும்போது மண்டைக்காடு பகவதியம்மன் கோயிலுக்குப் போனால் மண்டையப்பம். தலைவலி தீர வேண்டி நேர்ந்துகொண்டு படைப்பது. அரிசிமாவு, வெல்லம், சிறுபயறு சேர்த்து அவிப்பார்கள். ஆடிச் செவ்வாய்களில் தாழக்குடி அருகே ஔவையாரம்மன் கோயிலில் பெண்கள் கூழும் கொழுக்கட்டையும் செய்து படைப்பார்கள். திருக்கார்த்திகைக்குப் பனையோலையில் மாவைப் பொதிந்து அவித்த ஓலைக்கொழுக்கட்டை. குருத்தோலையின் மணம் மாவில் இறங்கியிருக்கும், வேறு எந்த இலையிலும் அது வராது. தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் பல வீடுகளிலும் முந்திரிக்கொத்து, அச்சுமுறுக்கு.

18. முந்திரிக்கொத்தில் முந்திரி கிடையாது. வறுத்த சிறுபயற்றுப் பொடி, வறுத்த தேங்காய், எள், ஏலம், சுக்கு எல்லாவற்றையும் கருப்புக்கட்டிப் பாகில் பிசைந்து உருட்டி, மஞ்சள் கலந்த அரிசிமாவில் முக்கி, இரண்டு மூன்று உருண்டைகள் கொத்தாக ஒட்டும்படி எண்ணெயில் விடுவார்கள். நன்றாகச் செய்தது ஒரு வாரத்துக்கு மேலும் கெடாது, ஊருக்குக் கொண்டுபோக ஏற்றது. ஈரக் கரண்டியோ ஈரக் கையோ படக் கூடாது.

19. வாங்கிப் போக வேண்டியவை மூன்று. தேங்காயெண்ணெயில் பொரித்த ஏத்தங்காய் சிப்ஸ்: கடையில் பொரிக்கிற சட்டியைப் பார்த்து வாங்குங்கள், சூடு முழுக்க ஆறிய பிறகே பொட்டலத்தைக் கட்டச் சொல்லுங்கள். கிராம்பு: மாறாமலை, கரும்பாறை, வேளிமலைப் பக்கம் விளைகிற கன்னியாகுமரிக் கிராம்புக்கும் புவிசார் குறியீடு உண்டு. தலைமொட்டு உதிராமல், நகத்தால் கீறினால் எண்ணெய் கசிவதாக இருக்க வேண்டும். மூன்றாவது மார்த்தாண்டம் தேன். ஒய்.எம்.சி.ஏ. கிராமப் பணியின் வழியாக 1920களில் இங்கே தேனீப் பெட்டி வளர்ப்பு பரவியது. ரப்பர் மரம் தளிர்க்கும் ஜனவரி முதல் மார்ச் வரையில்தான் தேன் அதிகம் கிடைக்கும். ரப்பர்த் தோட்டத்துத் தேன் சீக்கிரம் உறையும். உறைந்ததைக் கலப்படம் என்று கொட்டிவிடாதீர்கள். பாட்டிலை வெதுவெதுப்பான நீரில் வைத்தால் இளகிவிடும், அடுப்பில் வைக்கக் கூடாது.

20. தக்கலை அருகே பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போகிறவர்கள் அங்குள்ள ஊட்டுப்புரையைப் பார்க்காமல் வராதீர்கள். மேலும் கீழுமாக இரண்டு நீண்ட கூடங்கள், ஆயிரம் பேருக்கு மேல் பந்தியிட்ட இடம். ஊறுகாய் போட்டுவைத்த பெரிய பரணிகள் இன்றும் இருக்கின்றன. அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை.

21. தேங்காயெண்ணெய் பழகாதவர்களுக்கு முதல்நாள் திகட்டலாம். மதியச் சாப்பாட்டை மோரிலோ சம்பாரத்திலோ முடியுங்கள். இஞ்சியும் கருவேப்பிலையும் தட்டிப்போட்ட மோர்தான் சம்பாரம், வயிற்றை ஆற்றிவிடும். மீன் ஒவ்வாதவர்கள் உட்கார்ந்தவுடனே சொல்லிவிடுங்கள். சில கடைகளில் சோற்றோடு மீன்குழம்பைக் கேட்காமலே ஊற்றிவிடுவார்கள்.

22. இன்னும் விரிவாகத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் நாஞ்சில் நாடன் எழுதிய 'நாஞ்சில் நாட்டு உணவு' நூலை வாசித்துவிட்டு வாருங்கள். என்ன கேட்பது என்று தெரிந்துகொண்டு வருகிறவருக்கு இந்த ஊரில் கிடைக்கும் சாப்பாடே வேறு.

23. கடைசியாக, கடற்கரையில் ஓட்டல் நடத்துகிறவர்களுக்கும் தங்கும் விடுதிக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வாரத்தில் ஒரு நாளாவது அவியலும் தீயலும் சம்பாச் சோறும் நெத்திலி அவியலும் சமைத்து, "இன்று நாஞ்சில் நாட்டுச் சாப்பாடு" என்று வாசலில் தமிழிலும் இந்தியிலும் எழுதிவையுங்கள். பயணிகளே, பலகை இல்லாவிட்டாலும் வாய்விட்டுக் கேளுங்கள். நாலு பேர் கேட்டால் ஐந்தாவது நாள் சமைக்கத் தொடங்கிவிடுவார்கள்.